வயிற்றுவலி என்று சொல்லாதீர்கள்

நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்து அனுப்பிய குரல்செய்தியைக் கேட்டேன். மாதவிடாய், கருப்பை, பிள்ளைப்பேறு இதையெல்லாம் காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள், அந்த நோட்ஸை அனுப்புங்கள் டீச்சர் என்று கேட்டிருந்தீர்கள். நோட்ஸ் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டு தவறுகள் இருக்கின்றன. இரண்டும் நான் செய்தவை. ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத உங்களுக்கு நோட்ஸைவிட இவை உதவும் என்று நினைக்கிறேன்.

நான் வேலை பார்த்தது தேனிக்கும் போடிக்கும் நடுவில் ஒரு விடுதிப் பள்ளி. செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கு ஒரு கட்டடம், பார்வை இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு கட்டடம். நடுவே ஒரு மைதானம். இரண்டு பக்கமும் அறிவியல் பாடம் என் பொறுப்பு. விடுதிப் பெண் பிள்ளைகளின் உடல்நலமும் என் தலையில்தான். ஆனால் நான் பயிற்சி எடுத்தது செவிப் பிரிவுக்கு மட்டும். அதனால் சைகையில் எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு உண்டு.

மாதவிடாய்க்கு மட்டும் நான் சைகை செய்ய மாட்டேன். வெட்கம். பிள்ளைகள் யாராவது அதைப் பற்றிச் சொல்ல வந்தால், அடிவயிற்றில் கையை வைத்து முகத்தைச் சுளித்துக் காட்டுவேன். வயிற்றுவலி. அவர்களும் புரிந்துகொண்டு தலையாட்டுவார்கள். விடுதி வார்டனும் அதையே பிடித்துக்கொண்டார். ஒரு வருஷத்தில் பள்ளிக்கூடம் முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. கண்ணியமான ஏற்பாடு என்று எனக்குள் ஒரு திருப்தி.

எட்டாம் வகுப்பில் திவ்யா என்று ஒரு பிள்ளை. பிறவியிலேயே காது கேட்காது. ஒருநாள் காலையில் வார்டனிடம் வந்து வயிற்றில் கை வைத்து முகம் சுளித்தாள். வார்டன் ஒரு நாப்கினை எடுத்து நீட்டினார். திவ்யா அதைத் தள்ளிவிட்டாள். மறுபடியும் வயிற்றைக் காட்டினாள். "கூச்சப்படுறா" என்று வார்டன் சிரித்துக்கொண்டே வெந்நீர் கொடுத்துப் படுக்கச் சொன்னார். மதியம் நான் விடுதிக்குப் போனபோது என்னிடமும் அதையே காட்டினாள். மூன்று விரலை நீட்டி, மூன்று நாளில் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு நான் வகுப்புக்குப் போய்விட்டேன்.

சாயந்திரம் பிள்ளை சுருண்டு கிடந்தாள். காய்ச்சல் அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குடல்வால் அழற்சி. அன்றே ஆபரேஷன் செய்தார்கள். "காலையில இருந்தே வலிச்சிருக்குமே, நீங்க ஆரும் கேக்கலையா?" என்றார் டாக்டர்.

திவ்யா பிழைத்துக்கொண்டாள். தையல் பிரித்து விடுதிக்குத் திரும்பிய அன்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கைகளால் கேட்டாள். "நான் சொன்னேன். வார்டனிடம் சொன்னேன். உங்களிடம் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன்." கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை. அவளிடம் இருந்த ஒரே சொல்லை நான் வேறு ஒன்றுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த வாரம் பெரிய வகுப்புப் பெண்களை உட்கார வைத்து, உங்களுக்குள் மாதவிடாய்க்கு என்ன சைகை செய்வீர்கள் என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி செய்து காட்டினாள். சின்ன அசைவு. தெளிவாக இருந்தது, அசிங்கம் எதுவும் இல்லை. எத்தனையோ வருஷமாக அவர்களிடம் அது இருந்திருக்கிறது. டீச்சருக்கு வெட்கமாக இருக்குமே என்று என்னிடம் மறைத்திருக்கிறார்கள். அன்று முதல் செவிப் பிரிவில் ஒவ்வொரு உறுப்புக்கும் தனிச் சைகை, ஒவ்வொரு வலிக்கும் தனிச் சைகை என்று ஆனது.

ஆனால் நான் கற்றது பாதிதான். மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கட்டடத்தை நான் யோசிக்கவே இல்லை. பார்வை இல்லாத பிள்ளைகளுக்குக் காது நன்றாகக் கேட்கிறதே, ஊர் பேசுவதெல்லாம் காதில் விழுமே, தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வரும்போது வேகமாக வாசித்துவிட்டுப் போய்விடுவேன். படம் வரையும் கேள்விக்கு அவர்களுக்கு மாற்றுக் கேள்வி உண்டு. அதனால் படத்தையும் விட்டுவிடுவேன். மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை.

இப்போது ஈஸ்வரியின் கதைக்கு வருகிறேன்.

ஈஸ்வரி பத்தாம் வகுப்பு. பள்ளியில் தாமதமாகச் சேர்ந்தவள், அப்போது பதினாறு வயது. பார்வை அறவே இல்லை. நன்றாகப் படிப்பாள். அப்பாவுக்குக் கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம். ஒரு வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனால் ஈஸ்வரியின் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் வைத்த ஒரு பிளாஸ்டிக் உறை.

அப்பாதான் பேசினார். "பிள்ளைக்கு கர்ப்பப்பைய எடுத்துரலாம்னு இருக்கோம் டீச்சர். வெளியூர்ல ஒரு ஆஸ்பத்திரியில பேசியாச்சு. திங்கக்கெழம வரச் சொல்லிட்டாக. இந்தப் பிள்ளையால தன்னத்தானே பாத்துக்க முடியாதுன்னு பள்ளிக்கூடத்துல ஒரு லெட்டர் வாங்கியாரச் சொன்னாக."

"உடம்புக்கு ஏதும் நோவா?" என்று கேட்டேன்.

"நோவெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் அம்மா. "மாசாமாசம் கறைபட்டாத் தெரியுதா அவளுக்கு? இங்க வார்டனம்மா பாக்குறாக, லீவுக்கு வந்தா நாந்தான் எல்லாம் பாக்குறேன். நான் இருக்க மட்டும் பாப்பேன். அதுக்கப்புறம் ஆரு பாப்பா?"

தலைமையாசிரியை என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "குடும்ப விஷயம். எழுதிக் குடுத்துருங்க."

இதை நான் உங்களிடம் மறைக்கக்கூடாது. நான் பேனா மூடியைத் திறந்துவிட்டேன். அந்த அம்மாவின் களைத்த முகத்தைப் பார்த்தபோது அவர் கேட்பது நியாயம் என்றே பட்டது. எழுத ஆரம்பிக்கும் முன் ஏதோ ஒரு பழக்கத்தில், "ஈஸ்வரிக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"வயித்துவலிக்கு ஆபரேஷன்னு சொல்லிவச்சிருக்கோம்" என்றார் அம்மா.

பேனாவை மூடினேன்.

அந்த நேரத்தில் நான் யோசித்தது ஒன்றுதான். முடியாது என்று சொல்லிவிட்டால் என் மனசாட்சி நிம்மதியாகிவிடும். ஆனால் அவர்கள் பிள்ளையைப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். லெட்டர் கொடுக்க வேறு யாராவது கிடைப்பார்கள். எனக்குத் தேவை நேரம். "தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று எழுத வேண்டுமானால் நான் சோதித்துப் பார்த்துதான் எழுத முடியும். சனிக்கிழமை வாங்க. அன்று ஈஸ்வரி முன்னால் பேசி முடிவு செய்வோம்" என்றேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. தோட்டத்தில் காய்ப்பு நேரம், இரண்டு தடவை அலைய முடியாது என்றார். தலைமையாசிரியைக்கும் பிடிக்கவில்லை. அம்மாதான் எழுந்து, "சனிக்கெழமைக்கு வாரோம்" என்றார்.

பிள்ளைகளுக்குப் பதிலாக யாராவது உங்களிடம் உடனே முடிவு கேட்டால், முதலில் ஒரு நாளாவது வாங்குங்கள். நான் அன்று செய்த ஒரே சரியான காரியம் அதுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஈஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டு, மாதவிடாய் என்றால் என்ன என்று கேட்டேன். தயங்காமல் சொன்னாள்.

"உள்ள ஒரு பை இருக்கு டீச்சர். மாசாமாசம் கெட்ட ரத்தம் ரொம்பி வழியும்."

"பை எவ்வளவு பெருசா இருக்கும்?"

இரண்டு கையையும் அகலமாக விரித்துக் காட்டினாள். "தலகாணி அளவுக்கு. நான் குப்புறப் படுக்கவே மாட்டேன். அமுங்கி வெடிச்சிருமோன்னு பயம்."

என் பாடத்தில் அவள் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவள். விடைத்தாளைத் திருத்தியதும் நான்தான்.

ஆசிரியர் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் கிரேஸ் டீச்சர் பிரெய்ல் தாள்களை விரலால் தடவித் திருத்திக்கொண்டிருந்தார். கிரேஸ் தமிழ் டீச்சர், என்னைவிடப் பத்து வயது இளையவர். போடி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். பிறவியிலேயே பார்வை கிடையாது. நான் நடந்ததைச் சொல்லிப் புலம்பினேன். இரண்டு நாளில் இந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது, அவளால் இதையெல்லாம் சமாளிக்க முடியும் என்று அவள் அம்மாவை எப்படி நம்பவைப்பது, எனக்கே தெரியவில்லையே என்றேன்.

கிரேஸ் தாளின்மேல் இருந்த விரலை எடுக்காமல் சொன்னார். "பதினோரு வருஷமா உங்க பக்கத்துல உக்காந்துருக்கேன் டீச்சர். எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்காக. நான் எப்படிச் சமாளிக்கிறேன்னு ஒருநாளாச்சும் கேட்டிருக்கீகளா?"

குத்திக்காட்டும் குரல் இல்லை. அதனால்தான் இன்னும் சுட்டது. தினமும் அவரோடு சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அவருடைய பிள்ளைகளின் பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பாடத்தை அவர்தான் நடத்தினார். நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். ஒரு பையில் கொடைக்கானல் பேரிக்காய் ஒன்று, பன்னீர் திராட்சை இரண்டு, பாவாடை நாடா இரண்டு துண்டு கொண்டுவந்திருந்தார். பேரிக்காயைத் தலைகீழாக ஈஸ்வரியின் கையில் வைத்தார்.

"இதுதான் கர்ப்பப்பை."

ஈஸ்வரி அதைச் சுற்றிச் சுற்றித் தடவினாள். "இம்புட்டுதானா?"

"இம்புட்டுதான்."

"வெடிக்காதா?"

"குப்புறப் படுத்து உருண்டாலும் வெடிக்காது."

பேரிக்காயின் இரு பக்கமும் நாடாவைக் குழாய் மாதிரி வைத்து, அதன் நுனியில் திராட்சையைச் சேர்த்துப் பிடித்து, இங்கிருந்துதான் முட்டை வரும் என்று ஈஸ்வரியின் விரலைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். எங்கள் தோட்டத்துப் பழம் மாதிரியே இருக்கிறது என்று ஈஸ்வரி சிரித்தாள். இது கெட்ட ரத்தம் இல்லை, பிள்ளைக்காக உடம்பு விரித்து வைக்கிற மெத்தை, பிள்ளை வராத மாதம் சுருட்டி வெளியே போட்டுவிடும் என்று கிரேஸ் சொன்னபோது அவள் சிரிப்பு நின்றது. வெகு நேரம் பேரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், திங்கக்கெழம இதையா எடுக்கப் போறாக?"

கிரேஸ் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பதில் சொல்ல வேண்டியது நான். "ஆமாம்" என்றேன். வேறு எப்படிச் சொன்னாலும் அது இன்னொரு வயிற்றுவலிதான்.

ஈஸ்வரி அழவில்லை. "எடுத்தா எனக்குப் பிள்ளை பெறக்காதா?" என்று கேட்டாள். பிறக்காது என்றேன். அப்புறம் அவளாகவே கிரேஸிடம் கேட்டு, நாப்கினை எப்படித் தொட்டுப் பார்த்து வைப்பது, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது, நாளை எப்படிக் கணக்கு வைப்பது எல்லாம் செய்து பார்த்தாள். மாதவிடாயைக் கண்ணால் பார்த்துத்தான் சமாளிக்க வேண்டும் என்று நினைத்தது பார்வை உள்ள நாங்கள்தான்.

சனிக்கிழமை காலை வந்தார்கள். அம்மா கிரேஸைக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். பிள்ளை பெற்றபோது யார் பார்த்தார்கள், பால் கொடுப்பது எப்படி, புடவையில் கறைபட்டால் எப்படித் தெரியும் என்று. "மொத மாசம் எங்கம்மா இருந்தாக. அப்புறம் எல்லாம் நாந்தேன். கறை படுறதுக்கு முன்னாடியே மாத்திருவேன்கா" என்றார் கிரேஸ். எனக்கு நம்பிக்கை வந்தது. வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போது அந்த அம்மா கணவரைப் பார்த்து, "நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். அவர் வெளியே போனதும் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு ரத்தம் பயமில்ல டீச்சர். பீயும் மூத்திரமும் அள்ளி வளத்த பிள்ளை, இது என்ன. நாங்க ரெண்டு பேரும் விடிஞ்சாத் தோட்டத்துக்குப் போயிருவோம். லீவுல இவ வீட்டுல ஒத்தையில இருப்பா. எவனாச்சும் உள்ள வந்தா? வந்தவன் ஆருன்னுகூட இவளுக்குச் சொல்லத் தெரியாதே. வயித்துல தங்கிருச்சுன்னா நாங்க எங்கன போய் நிக்க?"

நான் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் வேறு கேள்விக்கு. பெற்றவர்கள் முதலில் சொல்லும் காரணத்துக்குப் பதில் சொல்லிவிட்டு எழுந்துவிடாதீர்கள். உள்ளே இருப்பதைச் சொல்ல அவர்களுக்கு நேரம் பிடிக்கும்.

கிரேஸ்தான் பேசினார், மெதுவாக. "ஆபரேஷன் பண்ணிட்டா அவன் வரமாட்டானாக்கா?"

அம்மா கிரேஸையே பார்த்தார்.

"வருவான். வந்துட்டுப் போனது உங்களுக்குத் தெரியாமப் போயிரும். அம்புட்டுதான்."

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. மைதானத்தில் பார்வை இல்லாத பிள்ளைகள் உள்ளே மணி வைத்த சலங்கைப் பந்து விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தி, "அப்ப என்னதான் செய்யச் சொல்றீக?" என்று கேட்டார்.

"அவளுக்குச் சொல்லத் தெரியணும்" என்றார் கிரேஸ். "உடம்புல எதுக்கு என்ன பேருன்னு தெரியணும். எவன் எங்க தொட்டான்னு வாயத் தொறந்து சொல்லத் தெரியணும். குரலையும் வாடையையும் வச்சே நாங்க ஆளச் சொல்லிருவோம்கா. ஆனா சொன்னா நீங்க நம்பணும்."

"அதெல்லாம் பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுப்பீகளா?"

சொல்லிக்கொடுப்போம் என்றேன். எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது.

அப்பா திரும்பி வந்ததும் ஈஸ்வரியை உள்ளே அழைத்தோம். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, "நீயே சொல்லும்மா" என்றேன்.

"எனக்கு வயித்துவலி இல்லப்பா" என்றாள். "எனக்கு எடுக்க வேணாம்."

அப்பா தரையைப் பார்த்தார். "நாள் குறிச்சாச்சு ஆத்தா."

"நீங்க குறிச்சீக. என்னக் கேக்கலையே."

அவர் பிளாஸ்டிக் உறையைக் கையில் எடுத்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். உறையை இரண்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, மனைவியைப் பார்த்தார். "ஒரு வருஷம் பாப்போம்" என்றார் அந்த அம்மா. ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வருஷம் என்பது வெறும் ஒரு வருஷம்தான்.

அன்று மாலையே தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். திட்டு விழும் என்று போனேன். "இந்தப் பாடத்துக்கு வாரத்துல ஒரு மணி நேரம் ஒதுக்குறேன். ரெண்டு பிரிவுக்கும். கிரேஸ் டீச்சரையும் சேத்துக்கங்க" என்றார். காலையில் ஈஸ்வரி சொன்னது அவர் அறைக்கும் கேட்டிருக்க வேண்டும். செவிப் பிரிவிலும் பெரிய வகுப்புப் பெண்களையே முன்னால் நிற்க வைத்துப் பாடம் நடத்தினோம். நான் நடத்தியதைவிட அவர்கள் நடத்தியது நன்றாக இருந்தது. பையன்களுக்குத் தனியாக, அவர்களுக்கென்று ஒரு ஆசிரியரைத் தேடிப் பிடிக்க எங்களுக்கு மேலும் ஒரு வருஷம் ஆனது. அதுவும் தாமதம்தான்.

ஈஸ்வரி பரீட்சை எழுதிவிட்டு விடுமுறைக்கு ஊருக்குப் போனாள். சித்திரையில் வீரபாண்டிக் கோயில் திருவிழா முடிந்து இரண்டு நாள் கழித்து அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. ஏதோ நடந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"டீச்சர், இவளுக்கு இந்த மாசத் தீட்டு வந்து முடிஞ்சே போச்சு" என்றார். "திருவிழாவுக்குச் சொந்தக்காரக வீட்டுல பத்துப் பதினஞ்சு பேரோட இருந்தோம். ஒரே குளியலறை. நேத்து நானா நாளெண்ணிப் பாத்துக் கேட்டா, 'அது அங்கன வச்சே முடிஞ்சிருச்சும்மா'ங்கிறா. பக்கத்துலயே படுத்திருந்தேன் டீச்சர். எனக்குத் தெரியல."

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"டீச்சர், இவளுக்குச் சொல்லிக்குடுத்ததை எனக்கும் ஒருக்கச் சொல்லுவீகளா? ரெண்டு பிள்ளை பெத்துட்டேன். உள்ள என்ன இருக்குன்னு எனக்கு ஆரும் சொன்னதில்ல."

வாங்க என்றேன். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் சனிக்கிழமை, காலை முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். கூடவே அவர் தெருவிலிருந்து நான்கு பெண்கள்.